ஒகேனக்கல்: நீர்வரத்து அறிந்து பரிசல் ஏறுதல்

துணிகரச் சுற்றுலா என்ற பெயரில் இன்று உலகெங்கும் வழங்கப்படுவனவற்றை, அச்சத்தின் அளவை முடிவு செய்வது மனிதரா இயற்கையா என்ற கேள்வியைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் நகருக்கு அருகில் காவராவ் ஆற்றுப் பாலத்தில் 1988ஆம் ஆண்டு வணிக முறையில் தொடங்கப்பட்ட பஞ்சி குதித்தல், அதாவது காலில் மீள்கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்தல், முதல் வகையைச் சேர்ந்தது. அங்கே பாலத்தின் உயரமான 43 மீட்டர் என்றும் மாறுவதில்லை, கயிறு குதிப்பவரின் எடையைக் கணக்கிட்டே பொருத்தப்படுகிறது, ஆகவே காலையில் குதிப்பவரும் மாலையில் குதிப்பவரும் ஏறத்தாழ ஒரே அனுபவத்தைப் பெறுகின்றனர். விக்டோரியா அருவிக்குக் கீழே ஜாம்பெசி ஆற்றின் படோகா பள்ளத்தாக்கில் நடக்கும் ரப்பர் படகுப் பயணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அங்கே ஆறு பெருகும் மாதங்களில் படகுகள் நிறுத்தப்பட்டு, நீர் வடிந்த பிறகே முழு வீச்சில் மீண்டும் விடப்படுகின்றன. தருமபுரி மாவட்டம் துணிகரப் பயணிக்கு அளிக்கக்கூடிய மிகச் சிறந்த அனுபவமான ஒகேனக்கல் பரிசல் பயணமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. அங்கே செல்லும் நாளை விடுமுறைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்பவர் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார் அல்லது தேவையற்ற ஆபத்தில் சிக்குகிறார். நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்பவருக்கே ஆறு வசப்படுகிறது.

இடமும் பாறையும்

பென்னாகரம் வட்டத்தில், தருமபுரி நகரிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் தொலைவில், காவிரி தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடும் பகுதியில் ஒகேனக்கல் அமைந்துள்ளது. மேற்குக் கரையில் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டக் காடுகள் தொடங்குகின்றன. இங்கே ஒரே அருவி என்று எதையும் சுட்டிக்காட்ட இயலாது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, பாறை இடுக்குகளில் விழுந்து, குறுகிய மலையிடுக்கில் மீண்டும் ஒன்றுகூடி, மேட்டூர் நோக்கிச் செல்கிறது. மெயின் அருவி, ஐந்தருவி, சினிபால்ஸ் என்று மக்கள் வழங்கும் பெயர்கள் இந்தக் கிளைகளின் வெவ்வேறு விழுமிடங்களைக் குறிப்பன. நீர் மிகும்போது இவற்றுள் சில ஒன்றோடொன்று கலந்து தனித்தன்மையை இழந்துவிடுகின்றன, நீர் குறையும்போது சில முற்றிலும் வறண்டு வெறும் பாறையாக நிற்கின்றன.

அந்தப் பாறையைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது பயணிக்குப் பயன்தரும். சயனைட் என்ற தீப்பாறையும், கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறையும் (பூமியின் ஆழத்திலிருந்து சுண்ணாம்புச் சேர்மங்கள் மிகுந்த குழம்பாக மேலெழுந்து இறுகியது) இப்பகுதியில் காணப்படுகின்றன. இந்தக் கார்பனடைட்டின் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலாளர் கணித்துள்ளதால், உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. ஆனால் பரிசலில் செல்பவருக்கு வயதைவிட வடிவமே முக்கியம். நெடுங்காலமாக நீரும் கூழாங்கல்லும் குடைந்ததால் பாறையில் வட்டமான குழிகளும், நீர்மட்டத்துக்குக் கீழே உள்நோக்கிக் குடைந்த பொந்துகளும் உருவாகியுள்ளன. மேலே அமைதியாகத் தெரியும் நீர், அடியில் இப்பொந்துகளுக்குள் இழுத்துச் செல்லக்கூடும். ஒகேனக்கல்லில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உயிரிழந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். இன்னொரு காரணம் நுரை: அருவி விழும் இடத்தில் நீரில் காற்றுக் குமிழிகள் பெருமளவு கலந்திருப்பதால் அந்த நீர் உடலைத் தாங்கும் ஆற்றலை ஓரளவு இழந்துவிடுகிறது, குளத்தில் எளிதாக மிதப்பவர் அங்கே மிதக்க இயலாமல் தடுமாறுகிறார்.

கன அடியைப் படித்தல்

ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, காவிரி தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் உள்ளது. நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஒகேனக்கல் நீர்வரத்து என்று நாள்தோறும் கூறப்படும் எண், ஒரு விநாடியில் ஆற்றைக் கடக்கும் நீரைக் கன அடியில் குறிப்பது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர், எனவே பத்தாயிரம் கன அடி என்ற செய்திக்கு, விநாடிதோறும் இரண்டே முக்கால் லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீர் அந்தப் பாறை இடுக்குகளின் வழியே பாய்கிறது என்பது பொருள். கோடையில் இந்த எண் சில நூறுகளுக்கு இறங்கிவிடுவதும் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அது இரண்டு லட்சத்தை எட்டியதும் உண்டு. ஒரே இடம் ஒரே ஆண்டில் இவ்வளவு மாறும்போது, முன்பு சென்றுவந்த நண்பரின் அனுபவத்தைக் கேட்டு முடிவு செய்வதில் பயனில்லை.

இந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை வகுத்திருப்பது சுற்றுலாத் துறை அன்று, காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, இயல்பான ஓர் ஆண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி நீரைத் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் (டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி கொள்ளளவு). அதன் மாதவாரிப் பங்கீட்டில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76, அக்டோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, டிசம்பருக்கு 7.35, ஜனவரிக்கு 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி என்று குறிக்கப்பட்டுள்ளது. உழவர்களுக்காகவும் குடிநீருக்காகவும் வகுக்கப்பட்ட இந்தப் பட்டியலைப் பரிசல் பயணத்துக்கான நாள்காட்டியாகவும் பயன்படுத்தலாம் என்பது பலர் கவனிக்காத செய்தி. ஒரு நாள் முழுதும் விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும் என்ற கணக்கைக் கொண்டு மாற்றிப் பார்த்தால், ஆகஸ்டின் சராசரி சுமார் 17,000 கன அடி, செப்டம்பரின் சராசரி சுமார் 14,000, ஜூலைக்குச் சுமார் 11,600, அக்டோபருக்கு 7,500, நவம்பருக்கு 5,300, டிசம்பருக்கு 2,700, ஜனவரி முதல் மே வரை ஆயிரத்தை ஒட்டிய அளவு என்று கிடைக்கிறது.

நீர்வரத்து ஏறத்தாழ பத்தாயிரம் கன அடியை நெருங்கும்போதோ தாண்டும்போதோ மாவட்ட நிர்வாகம் அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிப்பது வழக்கம். இந்த வரம்பு கல்லில் பொறித்ததன்று, நீர் ஏறுமுகத்தில் உள்ளதா இறங்குமுகத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். மேலே கண்ட சராசரிகளை இதனோடு ஒப்பிட்டால், பள்ளி விடுமுறையும் ஆடிப்பெருக்கும் மனத்தில் இருப்பதால் மக்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல், மே மாதங்களும் ஆகஸ்டு மாதமும் பரிசலுக்குச் சிறந்தவை அல்ல என்பது விளங்கும்: கோடையில் நீர் போதாது, ஆகஸ்டில் தடை வருவதற்கான வாய்ப்பு அதிகம். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையிலான காலமே, மலையிடுக்கின் விறுவிறுப்பும் பரிசல் ஓட்டியின் கட்டுப்பாடும் ஒருசேர அமையும் பருவம். ஆயினும் இவை சராசரிகளே. பற்றாக்குறை ஆண்டில் பங்கீட்டு நீர் முழுமையாக வருவதில்லை, வடகிழக்குப் பருவமழை வலுத்தால் இடைப்பட்ட காட்டாறுகள் நவம்பரிலும் ஆற்றைப் பெருக்கிவிடும். ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் சின்னாறும் அவற்றுள் ஒன்று.

மகாராஷ்டிரத்தின் கோலாடு என்ற ஊரில் குண்டலிகா ஆற்றில் நடக்கும் படகுப் பயணத்தை இங்கே ஒப்பிடலாம். அங்கே நீர்மின் நிலையத்திலிருந்து காலையில் திறக்கப்படும் நீரோடு படகுகளும் புறப்படுகின்றன. திறக்கும் நேரம் முன்கூட்டியே தெரிவதால் நிச்சயமின்மை குறைவு. ரிஷிகேசத்தில் கங்கைப் படகுப் பயணம் மழைக்காலம் முழுவதும் நிறுத்தப்பட்டு, செப்டம்பர் வாக்கிலேயே மீண்டும் தொடங்குகிறது. ஒகேனக்கல்லில் பயணிக்காக எவரும் நீர் திறப்பதில்லை, மூடும் பருவம் என்று நிலையாக ஒன்றை அறிவிப்பதும் இல்லை. ஆனால் முன்னறிவிப்புக்கு ஒரு வழி உண்டு. கிருஷ்ணராஜ சாகர், கபினி ஆகிய இரு அணைகளிலிருந்து வெளியேற்றப்படும் நீர் ஓரிரு நாட்கள் கடந்தே பிலிகுண்டுலுவை அடைகிறது. ஆகவே அவ்விரு அணைகளின் உபரி நீர்த் திறப்புச் செய்தியைப் படிப்பவர், ஒகேனக்கல்லில் நீர் ஏறப்போவதை அது ஏறுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். பெங்களூருவிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்படுபவர் தங்கும் அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தச் செய்தியைப் பார்ப்பது நலம்.

பரிசலும் ஓட்டியும்

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வட்டமாக வளைத்து, வெளிப்புறத்தில் நீர் புகாத உறை போர்த்திய கலம். முன்பு மாட்டுத்தோல் போர்த்தப்பட்டது. இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தார்ப் பூச்சும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. ஏறத்தாழ ஏழு அடி அகலம் கொண்ட இதற்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடும் இல்லை, நீரைக் கிழித்துச் செல்லும் அடிக்கட்டையும் இல்லை. அதனாலேயே மிகக் குறைந்த ஆழத்திலும் பாறைமேல் உரசாமல் இது மிதக்கிறது, அதனாலேயே சிறு தள்ளலிலும் சுழலத் தொடங்குகிறது. ஓட்டி ஒற்றைத் துடுப்பைக் கலத்துக்கு முன்னால் நீரில் இறக்கித் தன்னை நோக்கி இழுத்தே அதை நகர்த்துகிறார். பக்கவாட்டில் துழாவினால் பரிசல் முன்னேறாமல் தட்டாமாலை சுற்றும். பயணிகளை மகிழ்விக்க ஓட்டிகள் சில இடங்களில் வேண்டுமென்றே அவ்வாறு சுற்றிக் காட்டுவதுண்டு. அமைதியான மடுவில் அது தீங்கற்ற விளையாட்டு. ஓட்டம் மிகுந்த இடத்தில் அதைக் கேட்டு வற்புறுத்துவது, ஒரு துடுப்பை மட்டுமே நம்பியிருக்கும் மனிதரின் கவனத்தைக் குலைப்பது.

ரப்பர் படகுப் பயணத்துக்கு ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் பன்னாட்டு அளவுகோல் ஒன்று வழக்கில் உள்ளது. ஒன்று சிற்றலை, ஆறு உயிருக்கு உறுதி கூற முடியாத பாய்ச்சல். அந்த அளவுகோலை ஒகேனக்கல்லில் அப்படியே பொருத்துவது பொருந்தாது. காற்று நிரப்பிய ரப்பர் படகு நீர் நிறைந்தாலும் மிதக்கும், பாறையில் மோதினால் துள்ளித் திரும்பும்; பரிசலின் விளிம்போ நீர்மட்டத்துக்கு மேல் சிறிதளவே உயர்ந்திருப்பதால், ஒருபுறம் எடை சாய்ந்து நீர் உள்ளே புகுந்தால் மீள்வதற்கான அவகாசம் மிகக் குறைவு. ஆகவே ரப்பர் படகுக்கு எளிதெனக் கருதப்படும் அலை பரிசலுக்குக் கடினமானது. விபத்துகளின் காரணத்தை ஆராய்ந்தால் பெரும்பாலும் ஆற்றின் சீற்றத்தைவிடப் பயணிகள் எழுந்து நின்றதும், படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்ததும், அளவுக்கு மேல் ஏறியதுமே முன்நிற்கும். 2015 ஏப்ரலில் இங்கே ஒரு பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் உயிரிழந்தனர்; அது வெள்ளக் காலம் அன்று, கோடை. அதன் பிறகு உயிர்காப்பு உடை பற்றிய கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது.

உயிர்காப்பு உடையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். வார்கள் அனைத்தையும் இறுக்கிக் கட்டிய பின் வேறொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். உடை காதுவரை ஏறினால் அது நீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். பெரியவர்களின் உடையைக் குழந்தைக்கு மாட்டுவது மாட்டாமல் இருப்பதற்குச் சமம். குழந்தையின் அளவுக்கு உடை கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தை கரையிலேயே இருக்கட்டும். காலணி நீர் புகுந்தாலும் எளிதில் கழலாததாகவும் பாறையில் வழுக்காததாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் பயணத்தின் சில பகுதிகளில் பயணிகள் இறங்கிப் பாறைமேல் நடக்க, ஓட்டி பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து அடுத்த நீர்ப்பரப்பை அடைகிறார். ஏழு அடி வட்டக்கலம் ஒன்று இரு கால்களோடு பாறைகளின் இடையே நடந்து செல்வது ஒகேனக்கல்லுக்கே உரிய காட்சி. கட்டணத்தையும், ஒரு பரிசலில் ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையையும் நிர்வாகமே நிர்ணயிப்பதால், பரிசல்துறையில் சீட்டு பெற்று அங்கே எழுதப்பட்டுள்ள விதியைப் படித்த பிறகே ஓட்டியிடம் செல்ல வேண்டும். போகும் வழி, இறங்கும் இடம், திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஆற்றின் நடுவே வந்து கூடுதல் பணம் பற்றிப் பேசுவது ஓட்டிக்கும் அழகன்று, பயணிக்கும் அழகன்று.

தவறி நீரில் விழ நேர்ந்தால், மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் முன்னே நீட்டி, விரல் நுனிகள் நீருக்கு மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு மிதந்து செல்ல வேண்டும். எழுந்து நிற்க முயல்வது பெருந்தவறு. பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் முழங்கால் அளவு நீரே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். நீரோட்டம் தணிந்த மடுவை அடைந்த பிறகே கரையை நோக்கிக் குறுக்காக நீந்த வேண்டும்.

உயரமான பாறையிலிருந்து உள்ளூர் இளைஞர்கள் ஆற்றில் குதித்துக் காட்டிப் பணம் பெறுவதைக் காண நேரலாம். அவர்கள் அந்த ஒரு குழியின் ஆழத்தைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். வெளியூரார் அதைப் பின்பற்றுவதும், பணம் கொடுத்து ஊக்குவிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஆற்றில் முதலைகள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஊருக்குள் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருப்பதைக் கண்டு, முதலைகள் யாவும் வேலிக்குள் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. தடை செய்யப்பட்ட கரைகளில் இறங்குவதில் உள்ள கேடு நீரோட்டம் மட்டும் அன்று.

சாலை, மலை, காடு

தருமபுரிக்கு வரும் பயணி சந்திக்கக்கூடிய மிகப் பெரிய ஆபத்து ஆற்றில் இல்லை, சாலையில் உள்ளது என்று சொன்னால் அது மிகையாகாது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்துள்ள தொப்பூர் கணவாய், நீண்ட இறக்கத்தில் கனரக வாகனங்கள் கட்டுப்பாட்டை இழந்து முன்செல்வோர் மீது மோதும் விபத்துகளால் பெயர்பெற்றது. இங்கே லாரிகளுக்கு முன்னாலோ இடையிலோ நெருங்கிச் செல்லாமல், தாழ்ந்த கியரில் போதிய இடைவெளி விட்டு இறங்குவதே முறை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் வளைந்த சாலை காட்டின் ஊடே செல்கிறது. கோடையில் தண்ணீர் தேடி யானைகள் அதைக் கடப்பதால், வாகனத்தை நிறுத்தி இறங்குவதும், இருட்டிய பின் இருசக்கர வாகனத்தில் செல்வதும் விலக்கத்தக்கவை. பகலிலேயே வந்து பகலிலேயே திரும்பும்படித் திட்டமிடுதல் சிறப்பு.

வளைந்த மலைச்சாலையை விரும்பி வருவோருக்கு, தருமபுரி நகரிலிருந்து எளிதில் அடையத்தக்க வத்தல்மலை உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இந்த ஏற்றம் குறுகலானது. மேலே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் காப்பித் தோட்டங்களும் உள்ளன. இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அரூருக்கு அருகிலுள்ள தீர்த்தமலை படியேறும் உடல்வலிமை உள்ளவர்க்குரியது; அது வழிபாட்டு இடமாதலின் துணிகரப் பட்டியலில் சேர்ப்பது அத்துணைப் பொருத்தமன்று.

காட்டு நடைப்பயணம் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்ததை அடுத்து, தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழியே, வழிகாட்டியுடன் செல்லத்தக்க 40 தடங்களுக்கு இணையவழி முன்பதிவும் தொடங்கப்பட்டது. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி, 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட பரப்பைச் சேர்ந்தது. ஆகவே ஊட்டமலை, பிலிகுண்டுலு, ராசிமணல் பக்கங்களில் உள்ளூர்த் துணையோடு காட்டுக்குள் நுழையலாம் என்று எவர் அழைத்தாலும், வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இல்லாவிட்டால் அது குற்றமாகும்.

ஆற்றின் பாய்ச்சலைத் தாங்க முடியாதவர்களும் முதியோரும், மலையிடுக்கு முடிந்து காவிரி மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரியும் நாகமரை, ஒட்டனூர்ப் பகுதிகளுக்குச் செல்லலாம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர் இங்கே பல கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்க, மறுகரைச் சேலம் மாவட்டப் பண்ணவாடிக்கும் கோட்டையூருக்கும் மக்கள் படகிலும் பரிசலிலும் கடக்கின்றனர். அங்கே சுழலுக்குப் பதிலாகக் காற்றே கவனிக்க வேண்டியது. மாலையில் காற்று எழுந்தால் கடப்பதை ஒத்திவைக்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனை பென்னாகரத்தில் உள்ளது. தீவிர சிகிச்சைக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல மலைச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆம்புலன்சுக்கு 108, காவல் துறை உள்ளிட்ட அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களை அழைக்கலாம். ஆனால் மலையிடுக்கினுள் கைப்பேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. பரிசலுக்குத் தடை அறிவிக்கப்பட்ட நாளில், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி எந்த ஓட்டியையும் வற்புறுத்த வேண்டாம்; மறைவான துறையிலிருந்து அழைத்துச் செல்வதாக யாரேனும் முன்வந்தால் மறுத்துவிட்டு, ஒகேனக்கல்லில் உள்ள தொங்குபாலத்தில் அனுமதி இருந்தால் அங்கிருந்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள்.